தோலும் தோட்டமும்: வலப்பனைப் பகுதியில் தோற்பொருட் பேணலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

முன்னுரை

ஈழத்து மலையகத்தின் வரலாறு பற்றி இதுவரை வெளிவந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை கோப்பியின் எழுச்சி வீழ்ச்சி, தேயிலையின் பரவல், கங்காணி முறை, கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றையே மையப் பொருள்களாகக் கொண்டுள்ளன. ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வையும் தாழ்வையும் நிர்ணயித்த விடயங்கள் அவையே என்பதால் அது பொருத்தமானதே. ஆயினும், ஒரு சமுதாயத்தின் வரலாறு அதன் சட்டங்களிலும் ஒப்பந்தங்களிலும் மட்டும் தங்கியிருப்பதில்லை. அச்சமுதாயத்தினர் நாள்தோறும் கையாண்ட பொருள்களிலும் அது படிந்து கிடக்கின்றது.

துரை பங்களாவின் வண்டிக் கொட்டகையிலே நின்ற மோட்டார் வண்டியின் தோலாசனம் அத்தகைய பொருள்களுள் ஒன்று. அதனைத் துடைத்தவர் யார், எதனைக் கொண்டு துடைத்தார், அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் முதற் பார்வையில் அற்பமானவையாகத் தோன்றலாம். அவற்றின் வழியே தொடர்ந்து சென்றால், சென்னை மாகாணத்தின் பதனிடு தொட்டிகளையும், இலண்டன் நகரத்து நூலகங்களையும், லயத்து வாசலில் நெருப்பிலே காய்ச்சப்பட்ட தப்பினையும் காண நேருகின்றது. வலப்பனைப் பகுதியைக் களமாகக் கொண்டு அவ்வழியிற் சிறிது தூரம் செல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வலப்பனையும் அதன் காலநிலையும்

வலப்பனை, நுவரெலியா மாவட்டத்தின் வடகிழக்கே அமைந்த பகுதி. பிதுருதாலகாலை மலைத்திரளின் கீழைச் சரிவுகளிலிருந்து மகாவலிப் பள்ளத்தாக்கை நோக்கி நிலம் இங்கே படிப்படியாக இறங்குகின்றது. மேலே இராகலை, உடப்புசல்லாவை, ஹல்கிரனோயா ஆகிய இடங்களைச் சூழத் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. கீழே சிங்களக் கிராமங்களின் படிவயல்கள் உள்ளன. இவ்விரு உலகங்களும் ஒரே காலத்திலே மாற்றத்துக்கு உள்ளாயின. 1880களில், தானிய வரியைச் செலுத்த இயலாத வலப்பனைக் கிராமத்தவர் பலரின் வயல்கள் விற்கப்பட்டன. அதனால் விளைந்த பட்டினியும் இடப்பெயர்வும் நுவரெலியாவில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியரின் அறிக்கைகள் வாயிலாக வெளிப்பட்டு, பிரித்தானியாவிலும் கண்டனத்தை எழுப்பின. அவ்வரி 1892இல் நீக்கப்பட்டது. மலையின் மேற்பகுதியிலே தேயிலை வேரூன்றிய ஆண்டுகளே அடிவாரத்திலே வயல் கைமாறிய ஆண்டுகளுமாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இப்பகுதியின் காலநிலை நமது பொருளுக்கு நேரடித் தொடர்புடையது. மார்கழி, தை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்று மழையையும் மூடுபனியையும் கொண்டுவருகின்றது. ஆடி, ஆவணி மாதங்களிலோ தென்மேற்குப் பருவக்காற்றுத் தன் மழையை மேற்குச் சரிவுகளில் இறக்கிவிட்டு, வறண்ட காற்றாக இப்பக்கம் வீசுகின்றது. உடப்புசல்லாவைத் தேயிலைக்கும் ஊவாத் தேயிலைக்கும் தனி நறுமணத்தைத் தருவது இவ்வறட்சியே. தேயிலைக்கு நன்மை செய்யும் இக்காற்றுத் தோலுக்குத் தீங்கு செய்கின்றது. ஈரக் காலத்திலே தோல் பூஞ்சணம் பிடிக்கும். வறண்ட காலத்திலே அது நீரை இழந்து வெடிக்கும். ஓராண்டுக்குள்ளேயே இரு நேர்மாறான இடர்களையும் எதிர்கொள்ள வேண்டியிருந்தமையால், இங்கே தோற்பொருளைப் பேணுதல் எளிய வேலையாக இருக்கவில்லை.

சேணத்திற் பிறந்த பழக்கம்

கொழும்பு–கண்டிப் புகையிரதப் பாதை 1867இல் திறக்கப்பட்டது. நானுஓயாவைப் பாதை எட்டியது 1885இலேதான். அங்கிருந்து நுவரெலியா வழியாக இராகலைக்குச் சென்ற குறுகிய பாதை 1903–04இல் அமைந்தது. 1940களில் அது மூடப்பட்டுத் தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. ஆகவே தோட்டங்கள் உருவான முதற் பல ஆண்டுகளில் இம்மலைகளின் போக்குவரத்து மாட்டு வண்டியையும் குதிரையையும் மனிதர் தலைச்சுமையையுமே நம்பியிருந்தது. துரை குதிரைமீது மலை ஏறினார். தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்து, அதற்கப்பாலும் நடந்தே தோட்டம் சேர்ந்தனர்.

குதிரை இருந்த இடத்திலே குதிரைக்காரரும் இருந்தார். குதிரைக்குப் புல்லும் கொள்ளும் இடுவதுடன் சேணத்தையும் கடிவாளத்தையும் பேணுவதும் அவர் கடமையாயிற்று. குதிரையின் வியர்வை உப்பு நிறைந்தது. அது தோலில் உலர்ந்தால் தோலின் நார்கள் இறுகி முறியும். ஆதலாற் சவாரி முடிந்தவுடன் ஈரப் பஞ்சினால் உப்பை அகற்றி, சேணச் சவர்க்காரத்தைக் குறைந்த நீரில் நுரைத்துத் தேய்த்து, நுரையைத் துடைத்தெடுத்து, நிழலில் உலரவிட்டு, இறுதியில் எண்ணெயை மெல்லியதாகப் பூசுவது முறை. பிரித்தானியக் குதிரைப் படையினரிடையே நெடுங்காலமாக நிலவிய ஒழுங்கு இது. எண்ணெயைத் தோலின் வழவழப்பான மேற்பக்கத்திலன்றிச் சொரசொரப்பான உட்பக்கத்திலே பூசுவதே சிறந்தது என்பதும், அடுப்பங்கரையிற் சேணத்தை உலர்த்தலாகாது என்பதும் அவ்வொழுங்கின் பகுதிகள்.

இவ்வேலைக்கு உரிய எண்ணெய் மாட்டின் கால் எலும்புகளைக் காய்ச்சி எடுக்கப்படுவது. விலங்குக் கொழுப்புகளுட் பல குளிரில் உறைந்துவிட, இவ்வெண்ணெய் மட்டும் நீராகவே இருக்கும். அதன் அருமையை விளங்கிக்கொள்ள மலையகத்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. குளிர்காலக் காலையிலே போத்தலுக்குள் வெண்கட்டியாக உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயை வெயிலிலோ அடுப்படியிலோ வைத்து உருக்காத லயம் உண்டோ? ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறையும். அதனைத் தோலிற் பூசினால் முதலிலே பளபளக்கும். இரவுக் குளிரில் அதன் கொழுப்பு மேலே எழுந்து வெண்பூச்சாகப் படியும். இவ்வெண்பூச்சைப் பலர் பூஞ்சணம் என மயங்குவர். இரண்டையும் பிரித்தறிய எளிய வழியொன்று உண்டு. இளஞ்சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சணம் மறையாது.

வார்ப்பட்டியும் தப்பும்

தோட்டத்திலே தோல் இருந்த இடம் குதிரை லாயம் மட்டுமன்று. 1870களில் வில்லியம் ஜாக்சன் வடிவமைத்த தேயிலை உருட்டு இயந்திரங்களும், பின்னர் வந்த உலர்த்திகளும் தேயிலை ஆக்கத்தைக் கையிலிருந்து இயந்திரத்துக்கு மாற்றின. நீர்ச் சில்லிலோ நீராவிப் பொறியிலோ பிறந்த ஆற்றல், தொழிற்சாலையின் மேலே ஓடிய நீண்ட தண்டின் வழியாகச் சென்று, அங்கிருந்து தட்டையான வார்ப்பட்டிகள் மூலம் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கியது. அக்கால வார்ப்பட்டிகள் பெரும்பாலும் தடித்த மாட்டுத் தோலால் ஆனவை. வார்ப்பட்டி உலர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் உருட்டி நிற்கும், உருட்டி நின்றால் கொழுந்து கெடும். எனவே ஆமணக்கெண்ணெயையும் கொழுப்பையும் கலந்து வார்ப்பட்டிக்கு ஊட்டுவது தொழிற்சாலை வேலைகளுள் ஒன்றாயிற்று. தோலுக்கு எண்ணெய் வேண்டும், அதுவும் அளவோடு வேண்டும் என்பதைத் தோட்டத் தொழிலாளர் நூல் வழியாகக் கற்கவில்லை. இயந்திரத்தின் ஓசையிலிருந்து கற்றனர்.

மூன்றாவது தோல் தப்பின் தோல். விடியற்காலையிலே தொழிலாளரை எழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்தது தப்பின் ஓசை. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்டு, பின்னர் சக்தீ அ. பாலையாவினால் தமிழாக்கப்பட்ட நெடுங்கவிதையிலும் இவ்வோசைக்கு முக்கிய இடமுண்டு. திருவிழாவிலும் காமன் கூத்திலும் இழவு வீட்டிலும் அதே தப்பு ஒலித்தது. தப்பிலே கட்டப்படுவது பதனிடாத பச்சைத் தோல். ஈரத்தில் அது தளரும். ஆகவே அடிப்பதற்கு முன்னர் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, அச்சூட்டிலே தோலைக் காய்ச்சி இறுக்குவர். பதனிட்ட தோலுக்கு ஆகாத நெருப்பே இத்தோலுக்கு உயிர். ஒரே விலங்கின் தோல் பதனிடப்பட்டதா அன்றா என்பதைப் பொறுத்து எதிரெதிரான பராமரிப்பை வேண்டி நிற்கின்றது. இவ்வேறுபாட்டைக் கையறிவாக அறிந்திருந்தவர்கள் மலையகத் தொழிலாளர்களே.

இங்கே ஒரு சமூக உண்மையை மறைத்தல் ஆகாது. தப்படித்தவர்களும் தோலைத் தொட்டு வேலை செய்தவர்களும் தமிழ்ச் சமுதாயத்தினாலேயே தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். லயத்திலே தோலைத் தொடுவது தீட்டாகக் கருதப்பட்டது. பங்களாவிலோ தோல் நாற்காலியும் தோற்பையும் தோலட்டை நூலும் மதிப்பின் அடையாளங்களாக விளங்கின. ஒரே தோட்டத்தின் எல்லைக்குள் ஒரே பொருளுக்கு இரு தரங்கள் நிலவின. தோலைப் பேணும் அறிவு ஏன் ஒருபோதும் அறிவாக எண்ணப்படவில்லை என்பதற்கு விடை இங்கேயே கிடைக்கின்றது எனலாம். துரை அதனை வேலைக்காரனின் வேலை என்று கருதினார். நமது சமுதாயமோ அதனைக் குறிப்பிட்ட சாதியின் தொழில் என்று ஒதுக்கியது.

சென்னைத் தோலின் கடற்பயணம்

மலையகத் தொழிலாளர் திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கடல் கடந்த அதே நூற்றாண்டில், அதே சென்னை மாகாணத்திலிருந்து மற்றொரு பொருளும் பெருமளவிற் கடல் கடந்தது. அது ஆவாரம் பட்டையிற் பதனிடப்பட்ட தோல். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களிலும் சென்னை நகரைச் சூழவும் பதனிடு தொட்டிகள் பெருகின. வணிகர்களுட் பலர் தமிழ் முஸ்லிம்கள். தொட்டியில் இறங்கி உழைத்தவர்கள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்ட சாதியினர்.

பதனிடும் முறை நீண்டது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் களைந்த தோலை ஆவாரம் பட்டைச் சாற்றிலே வலிமை குறைந்ததிலிருந்து கூடியதாக மாற்றி மாற்றி இடுவர். பின்னர் கடுக்காய் நீரிலே தோய்த்து நிறத்தைத் தெளிவிப்பர். இறுதியில் எண்ணெய் ஊட்டி உலர்த்துவர். இவ்வாறு அரைகுறையாக முடிக்கப்பட்ட தோல் இலண்டன் சந்தையிலே 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயருடன் விற்பனையாயிற்று. அங்கே அது மீண்டும் சாயமிடப்பட்டு, பாதணி மேற்றோலாகவும் பையாகவும் நூலட்டையாகவும் உருப்பெற்றது. முதலாம் உலகப் போரின்போது படையினரின் பாதணிகளுக்காகப் பிரித்தானிய அரசு இத்தோலைத் தன் கட்டுப்பாட்டிலே கொள்முதல் செய்தது. சிங்களவர் 'ரணவரா' என வழங்கி அதன் பூவைக் காய்ச்சிக் குடிக்கும் அதே ஆவாரைதான் பேரரசின் படைகளுக்குப் பாதணித் தோலைத் தந்தது.

ஆனால் இத்தோலுக்கு ஒரு குறை இருந்தது. இலண்டன் நூலகங்களிலே தோலட்டைகள் சிவந்த பொடியாக உதிர்வதைக் கண்ட கலைச் சங்கம் 1900இல் ஒரு குழுவை நியமித்தது. 1901இலும் 1905இலும் வெளிவந்த அதன் அறிக்கைகள், ஆவாரை போன்ற பட்டைகளாற் பதனிடப்பட்ட கிழக்கிந்தியத் தோல்கள் விரைந்து சிதைபவற்றுள் அடங்கும் எனவும், சுமாக்கு இலையாற் பதனிடப்பட்டவை நெடிது நிற்கும் எனவும் காட்டின. காற்றிலுள்ள கந்தக வாயு தோலிலே அமிலமாகத் தங்குவதும், பட்டைகளின் துவர்ப்பொருள் வகை அதற்கு இடங்கொடுப்பதும் காரணங்களாகும். நிலக்கரிப் புகையும் எரிவாயு விளக்கும் நிறைந்த இலண்டன் காற்று இக்கேட்டை விரைவுபடுத்தியது. எண்ணெய் பூசி இதனை மாற்ற முடியாது என்பதே இதிலிருந்து பெறப்படும் பாடம். நார் சிதைந்த தோலுக்கு எண்ணெய் பளபளப்பைத் தரும். வலிமையைத் திருப்பித் தராது.

பட்டைப் பதனுக்கு மாற்றாக எழுந்தது குரோமியப் பதன். 1884இல் அமெரிக்காவில் ஆகஸ்டஸ் சூல்ட்ஸ் அதற்குக் காப்புரிமை பெற்றார். சென்னையிலே அல்பிரட் சாட்டர்ட்டன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செய்த முயற்சிகளாலும், 1912இல் சேம்பர்ஸ் குடும்பத்தார் நிறுவிய தொழிற்சாலையாலும் அது தமிழகத்தில் வேர்கொண்டது. அத்தொழிற்சாலையின் பெயராலேயே குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயர் வழங்குகின்றது. 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் சென்னையில் நிறுவப்பட்டது. மாதக்கணக்கில் நடந்த பதனிடுதல் நாட்கணக்கிற் சுருங்கியது. பட்டைப் பதனிட்ட ஈரத்தோல் ஏறத்தாழ 75 முதல் 85 பாகை வெப்பத்திற் சுருங்கும். குரோமியத் தோலோ கொதிநீரின் வெப்பத்தையும் தாங்கவல்லது. இன்று மோட்டார் வண்டிகளின் தோலாசனங்களிற் பெரும்பாலானவை குரோமியப் பதன் பெற்றவையே.

மோட்டார் வண்டியின் வருகை

இருபதாம் நூற்றாண்டின் முதற் சில ஆண்டுகளிலேயே மோட்டார் வண்டி இலங்கைக்கு வந்துவிட்டது. மோட்டார் வாகனச் சங்கம் 1904இல் தோன்றியது. முதலாம் உலகப் போரின் பின்னர் மலைப் பாதைகள் சீர்பெறவே, குதிரை லாயங்கள் வண்டிக் கொட்டகைகளாக மாறத் தொடங்கின. ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் ஆகிய பிரித்தானிய வண்டிகள் தோட்டப் பகுதிகளிலே பழகிய காட்சியாயின.

அக்கால வண்டியின் ஆசனம் பல நாடுகளின் விளைபொருட்கள் சேர்ந்தது. உள்ளே இரும்புச் சுருள். அதன்மேல் குதிரை மயிரோ தென்னந்தும்போ. பிற்காலத்திலே இறப்பர்ப் பாலிற் செய்த நுரைமெத்தை. எல்லாவற்றுக்கும் மேலே தோல். தும்பும் இறப்பரும் இலங்கையின் ஏற்றுமதிகள் என்பதை எண்ணும்போது, கொழும்புத் துறைமுகத்திலிருந்து மூலப்பொருளாகப் புறப்பட்ட ஏதேனுமொரு பகுதி ஆசனமாகித் திரும்பியிருக்கவும் கூடும். மேற்றோலைப் பொறுத்தவரை அவ்வாறு கூறுவதற்கில்லை. ஆசனத்துக்குப் பரந்த, வடுவற்ற தோல் வேண்டும். தென்னிந்திய மாடு உருவிற் சிறியது. உண்ணிக் கடியும் சூட்டுக்குறியும் அதன் தோலிலே மிகுதி. ஆகவே 1878இல் இலண்டனிலே சிறு கடையாகத் தொடங்கி, உயர்ந்த வண்டிகளுக்குத் தோல் வழங்கிய கொனொலி சகோதரர் போன்ற நிறுவனங்கள் வட ஐரோப்பியத் தோலையே விரும்பின. துரை அமர்ந்த ஆசனம் ஐரோப்பிய மாட்டினது. அவரது பாதணியின் மேற்றோல் வாணியம்பாடியினதாக இருந்திருக்கலாம்.

ஆசனம் முழுவதும் தோலாக இருந்ததெனக் கொள்வதும் தவறு. நடுத்தர விலை வண்டிகளிலே அமரும் பகுதிக்கும் சாயும் பகுதிக்கும் மட்டுமே தோல் இட்டு, பக்கங்களையும் பின்புறத்தையும் செயற்கைத் தோலால் மூடினர். மஞ்செஸ்டருக்கு அண்மையில் ஹைட் என்னும் ஊரிலிருந்த ஒரு கம்பனி, பருத்தித் துணிமீது நைற்றிரோ செலுலோசைப் பூசிச் செய்த அப்பொருளின் வணிகப் பெயர் 'ரெக்சின்'. பின்னாளில் எந்தச் செயற்கைத் தோலையும் ரெக்சின் என்றே தமிழர் வழங்கலாயினர்.

குதிரை போன பின்பும் சேணப் பழக்கம் போகவில்லை. சேணச் சவர்க்காரமும் ஈரப் பஞ்சும் வண்டிக் கொட்டகைக்கு இடம்பெயர்ந்தன. ஆனால் பொருள் மாறியிருந்தது. சேணத் தோலிற் பூச்சு இல்லை. எண்ணெயை அது உறிஞ்சும். ஆசனத் தோலின் மேலே நிறமும் மெருகும் கலந்த பூச்சு உண்டு. எண்ணெய் அதனை எளிதிற் கடக்காது, மேலே தங்கித் தூசியைப் பிடிக்கும், துரையின் வெள்ளை ஆடையிலும் ஒட்டும். ரெக்சினுக்கோ எண்ணெய் எவ்வகையிலும் பயன்படாது. ஆகவே பழைய பழக்கத்தின் நீர்ச் சிக்கனமும் நிழலுலர்த்தலும் புதிய பொருளுக்குப் பொருந்தின, எண்ணெயூட்டல் பொருந்தவில்லை. ஆசனத்தின் தையலோரம், மடிப்பு, வெடிப்பு ஆகிய பூச்சுத் தேய்ந்த இடங்களுக்கு மட்டுமே அது உதவியது.

வலப்பனையின் மழைக்காலம் இவ்வேலையைப் பெருக்கியது. காற்றின் ஒப்பீரப்பதன் 70 வீதத்துக்கு மேல் நீண்ட நாட்கள் நின்றால் தோலிற் பூஞ்சணம் வளரும். இருண்ட, மூடிய கொட்டகை அதற்கு உகந்த இடம். கதவைத் திறந்து காற்றோட்டம் விடுதல், பூஞ்சணத்தைத் திறந்த வெளியில் உலர்ந்த துணியால் அகற்றுதல், ஆசனத்தின் அடியைச் சோதித்தல் ஆகியவை மழைக்காலம் முழுதும் தொடர வேண்டிய கடமைகள். தோட்டக் கணக்கிலே இவ்வுழைப்புக்குத் தனிப் பெயரில்லை. பங்களா வேலை என்ற பொதுத் தலைப்பின் கீழ் ஒரு நாட்பெயராக அது அடங்கிப்போயிற்று. தேயிலை எத்தனை இறாத்தல் என்பதைத் துல்லியமாகக் குறித்த ஏடுகள், பொருள்களைக் கெடாமற் காத்த கைகளைக் குறித்துவைக்கவில்லை.

இறக்குமதித் தடையும் தேசியமயமும்

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக மோட்டார் வண்டி இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய வண்டி வராத நாட்டிலே பழைய வண்டி செல்வமாயிற்று. 1940களிலும் 1950களிலும் வந்த வண்டிகளே மேலும் பல ஆண்டுகள் ஓடவேண்டியிருந்தன. வெடித்த தோலைக் களைந்து ரெக்சின் தைத்தல், தும்பு மாற்றுதல், கிழிசலின் அடியிலே துணி ஒட்டுதல் ஆகிய வேலைகள் நகரங்களிலே தனித்தொழிலாக வளர்ந்தன. துரைகளின் கொட்டகையில் ஏவலாக இருந்த பேணல், கடைத்தெருவிலே கூலி பெறும் கைத்தொழிலாயிற்று.

அதே காலத்திலே அக்கைகளின் சொந்தக்காரரே நாட்டிலிருந்து அகற்றப்படலாயினர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கப்பட வேண்டும் என 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சமமாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. எண்களாகப் பிரிக்கப்பட்ட இம்மக்களுடன் அவர்களின் கைப்பழக்கங்களும் பிரிந்து சென்றன. வார்ப்பட்டியின் ஓசையறிந்து எண்ணெயிடும் கையும், தப்பைக் காய்ச்சும் கையும் எந்தப் பட்டியலிலும் எண்ணப்படவில்லை.

1975இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. துணியும் வினைலும் தைத்த ஆசனங்களுடன் ஜப்பானிய வண்டிகள் பெருகின. 1992இலே தோட்டங்களின் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. இலண்டனிலே கொனொலி சகோதரரின் தோற்றொழிலும் 2002இல் நின்றது. வரலாறு தன்னை மீட்டுக் காட்டியதுபோல, 2020 பங்குனியில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 மாசி மாதத்திலேயே வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளிலே பழைய வண்டியைப் பேணும் கலை மீண்டும் மதிப்புப் பெற்றது வியப்பன்று.

இன்றைய அறிவின் ஒளியில்

பழைய பழக்கங்களில் எவை சரியானவை என்பதை இன்றைய தோலியல் கொண்டு மதிப்பிடலாம். பதனிட்ட தோல் இயல்பாகவே சற்று அமிலத் தன்மையது. சேணச் சவர்க்காரம் காரத்தன்மையது. ஆகவே அதனை அடிக்கடி இடுதல் தோலின் சமநிலையைக் கெடுக்கும். நடுநிலையான மென்சவர்க்காரக் கரைசலே ஆசனத்துக்கு ஏற்றது. முதலில் மணலையும் தூசியையும் மென்தூரிகையால் அகற்றுதல் இன்றியமையாதது. தூசியின் மேலே ஈரத்துணியைத் தேய்த்தால் அது உப்புத்தாளாகச் செயற்பட்டுப் பூச்சை அராவும்.

தோலின் வகையை அறிய ஒரு துளி நீர் போதும். துளி முத்தாக நின்றால் மேற்பூச்சு உள்ள தோல். உறிஞ்சப்பட்டு நிறம் கறுத்தால் பூச்சற்ற தோல். முன்னையதற்குச் சுத்தமே முதன்மையான பேணல். ஆண்டுக்கு இருமுறை மென்பசை சிறிதளவு போதும். பின்னையதற்கு நீரையும் எண்ணெயையும் மேலும் குறைத்தல் வேண்டும். ஆளிவிதை எண்ணெய் உலர்ந்து கடினமாகும். தேங்காய் எண்ணெய் உறையும். மாட்டெலும்பெண்ணெயும் காலம் செல்லக் காற்றோடு கூடித் தோலைக் கறுக்கச் செய்யும். தேன்மெழுகும் கம்பளிக் கொழுப்பும் சேர்ந்த தைலத்தைத் தோலட்டைகளுக்குப் பூசும் வழக்கத்தைப் பிரித்தானிய அரும்பொருட்சாலை ஒருகாலத்திற் பரப்பியது. பிற்காலப் பேணுநர் அவ்வழக்கத்தையே பெரிதும் கைவிட்டு, ஈரத்தையும் வெப்பத்தையும் ஒளியையும் கட்டுப்படுத்துவதே மேல் என்ற முடிவுக்கு வந்துள்ளனர். மழைக்காலத்திலே கொட்டகைக் கதவைத் திறந்து காற்றுவிட்ட முறை இம்முடிவுக்கு முற்றிலும் ஒத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, வலப்பனையின் தோற்பொருட் பேணல் மூன்று ஊற்றுகளிலிருந்து வளம் பெற்றது தெளிவாகும். அவை குதிரைச் சேணத்தின் ஒழுங்கு, தொழிற்சாலை வார்ப்பட்டியின் அனுபவம், தப்பின் வழியாக வந்த மரபறிவு என்பனவாம். முதலாவது மட்டுமே ஆங்கில நூல்களில் எழுதப்பட்டுள்ளது. ஏனைய இரண்டும் தொழிலாளரின் கைகளிலே வாழ்ந்தவை; அவற்றை எழுதிவைக்கும் பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. துரைத்தனம் அதனைப் புறக்கணித்ததற்குக் காரணம் வேறு. நாம் புறக்கணித்ததற்குக் காரணம் வேறு. இரண்டாவது காரணத்தை நேர்மையாக ஒப்புக்கொள்ளாமல் மலையக வரலாற்றை முழுமையாக எழுதுதல் இயலாது.

தோட்டத் தொழிற்சாலைகள் பல இன்று மூடப்பட்டுக் கிடக்கின்றன. வார்ப்பட்டி ஓடிய தண்டுகள் இரும்பாக நிறுக்கப்பட்டுவிட்டன. தப்பைக் காய்ச்சத் தெரிந்த முதியவர்கள் இராகலையிலும் உடப்புசல்லாவையிலும் இன்னும் உளர். பல்கலைக்கழக மாணவர்களுள் பலர் இன்று அதே லயங்களிலிருந்து வருபவர்கள். விடுமுறைக்கு வீடு செல்லும்போது ஒரு குறிப்பேட்டையும் உடன் கொண்டுசென்று, பாட்டனாரிடம் அவர் என்ன வேலை செய்தார் என்று மட்டும் கேளாமல், அதனை எவ்வாறு செய்தார் என்றும் அவர்கள் கேட்பார்களாயின், எழுதப்படாத அவ்வரலாற்றின் முதல் ஏடு அன்றே எழுதப்பட்டதாகும்.